குமிழிக்கு வரி, சர்க்கரைக்குச் சலுகை

மது இல்லாத பானம் என்று சட்டம் ஒன்றை ஏற்க, அதில் ஆல்கஹால் துளிகூட இருக்கக் கூடாது என்பதில்லை. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் விதிகளில் எல்லைக்கோடு 0.5 சதவீதம். கொள்ளளவில் அதற்கு மேல் ஆல்கஹால் இருந்தால்தான் அது மதுபானம். அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் இதே அளவுதான். கோட்டை இவ்வளவு நுணுக்கமாகப் போட வேண்டியிருப்பதற்குக் காரணம் உண்டு. இனிப்பும் ஈரமும் வெப்பமும் சேர்ந்த இடத்துக்கு ஈஸ்ட் அழைக்காமலே வந்துவிடும். நன்றாகக் கனிந்த வாழைப்பழத்திலும் கொஞ்சம் ஆல்கஹால் இருக்கும். ரஷ்யர்கள் ரை ரொட்டியை ஊறவைத்துப் புளிக்கவிட்டுச் செய்யும் குவாஸ் சில நேரம் இந்தக் கோட்டைத் தாண்டியும்விடும். அங்கே அதைக் குழந்தைகளும் குடிக்கிறார்கள்; யாரும் அதை மது என்று நினைப்பதில்லை.

ஆனால், மது இல்லை என்பது ஒரு பானத்தில் எது இல்லை என்பதை மட்டுமே சொல்கிறது. எது இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. இளநீரும் கோலாவும், நீர்மோரும் பாக்கெட் மாம்பழ பானமும், வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் ஒரே தலைப்பின்கீழ் வந்து உட்கார்ந்துவிடுகின்றன. இவற்றை வேறுபடுத்திப் பார்க்கத் தவறியதால், இந்தியாவின் வரிக் கொள்கை தவறான இடத்தில் கண்டிப்பும் தவறான இடத்தில் சலுகையும் காட்டிக்கொண்டிருக்கிறது. அதைப் பேசுவதற்கு முன், மனிதர்கள் எதையெல்லாம் பானமாக்கினார்கள், எதற்காக ஆக்கினார்கள் என்று பார்ப்பது அவசியம்.

இலையையும் கொட்டையையும் கொதிநீரில் போட்டுச் செய்பவையே உலகில் அதிகம் பரவியவை. சீனாவில் எட்டாம் நூற்றாண்டில் தேநீர் பற்றித் தனி நூலே எழுதிய லூ யூ, எந்தத் தண்ணீரில் தேயிலையைக் கொதிக்கவைப்பது என்பதற்கும் தரவரிசை தந்தார்: மலை ஊற்று நீர் முதலிடம், ஆற்று நீர் அடுத்தது, கிணற்று நீர் கடைசி. காபிச் செடியின் தாயகம் எத்தியோப்பியா. அதைப் பானமாகப் பரப்பியவர்கள், இரவு வழிபாட்டில் உறக்கம் வராமலிருக்கக் குடித்த ஏமன் நாட்டு சூஃபிகள். காலம், பதினைந்தாம் நூற்றாண்டு. மதுவை விலக்கிய சமூகத்தில்கூட காபிக்கு எதிர்ப்பு வந்தது. 1511-ல் மெக்காவின் ஆளுநர் கைர் பெக் அதற்குத் தடை விதித்தார். பானத்தைவிட, அதைக் குடிக்க மக்கள் கூடுவதும் கூடிய இடத்தில் அரசியல் பேசுவதும்தான் ஆட்சியாளரை உறுத்தின.

தென் அமெரிக்காவில் இந்த இடம் மாத்தேவுக்கு உரியது. பராகுவே, உருகுவே, அர்ஜென்டினா, தெற்கு பிரேசில் ஆகிய பகுதிகளில், உலர்ந்த மாத்தே இலையைச் சுரைக் குடுவையில் திணித்து வெந்நீர் ஊற்றி, அடியில் சல்லடை வைத்த உலோகக் குழலால் உறிஞ்சிக் குடிக்கிறார்கள். குடுவையும் ஒன்று, குழலும் ஒன்று. அதுவே கூட்டத்தில் இருக்கும் எல்லோர் கைக்கும் சுற்றி வரும். பராகுவேயின் வெயிலுக்கு வெந்நீர் ஒத்துவராது என்பதால் அங்கே குளிர்ந்த நீரில் மூலிகைகளை இடித்துச் சேர்த்து ‘டெரெரே’ என்று குடிக்கிறார்கள். குவாரனி பழங்குடியினரிடமிருந்து வந்த அந்த வழக்கத்தை யுனெஸ்கோ 2020-ல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது.

ஒரு கோப்பைத் தேநீருக்குப் பின்னால் இருக்கும் மனித உழைப்பைத் தமிழர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இலங்கையில் ஜேம்ஸ் டெய்லர் 1867-ல் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிட்டபோது அந்தத் தீவின் பெரும்பயிர் காபி. 1869-ல் தென்பட்ட இலைத்துரு நோய் அடுத்த சில ஆண்டுகளில் காபித் தோட்டங்களை அழித்தது. தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. காபிக்காகத் தமிழ்நாட்டிலிருந்து கொண்டுபோகப்பட்ட குடும்பங்களின் கைகள் தேயிலைக்கு மாறின. சிலோன் டீ என்ற பெயர் உலகெங்கும் புகழ் பெற்ற பிறகும், 1948-ன் குடியுரிமைச் சட்டம் அந்தக் கொழுந்தைப் பறித்தவர்களையே நாடற்றவர்களாக்கியது. பானங்களின் வரலாற்றில் இதை எழுதாமல் விட முடியாது.

தானியத்திலிருந்தும் பாலிலிருந்தும் வருபவை இன்னொரு பெரிய குடும்பம். இவை தாகத்தோடு பசியையும் ஆற்றுபவை. ஸ்பெயினின் வலென்சியாவில் கோரைக்கிழங்கு வகை ஒன்றை ஊறவைத்து அரைத்து, வெண்ணிறப் பாலாகப் பிழிந்து ‘ஓர்ச்சாட்டா’ செய்கிறார்கள். மெக்சிகோவில் அதே பெயரில் அரிசியும் பட்டையும் சேர்ந்த பானம் கிடைக்கிறது. கொரியாவின் சிக்யே, முளைகட்டிய பார்லி நீரில் சோற்றை வெதுவெதுப்பாக வைத்திருந்து, மாவுச்சத்து தானாக இனிப்பாகும் வரை காத்திருந்து செய்வது. பெருவில் ஊதாநிற மக்காச்சோளத்தை அன்னாசித் தோலோடும் கிராம்போடும் கொதிக்கவைத்தால் சிச்சா மொராடா. துருக்கியின் அய்ரான், ஈரானின் தூக், பஞ்சாபின் லஸ்ஸி, தமிழ்நாட்டின் நீர்மோர் எல்லாம் தயிரும் தண்ணீரும் சேர்ந்த ஒரே வழியில் வந்தவை. இஞ்சியும் கறிவேப்பிலையும் பெருங்காயமும் சேர்ப்பது இந்தப் பக்கத்துக் கைமணம். பழைய சோற்றின் நீராகாரமும் கம்பங்கூழும் இந்த வரிசையில் சேர்பவைதான். ஏழைகளின் சாப்பாடு என்று ஒதுக்கப்பட்டதால் பானங்களின் பட்டியலில் அவற்றை யாரும் எழுதுவதில்லை.

பூவில் செய்வதற்கு ஒரே உதாரணம் போதும். புளிச்சைக்கீரையின் உறவான ஒரு செம்பருத்திச் செடியின் சிவந்த புல்லிவட்டத்தைக் கொதிக்கவைத்துப் புளிப்பான பானம் செய்கிறார்கள். எகிப்தில் அது கர்கடே, செனகலில் பிஸாப், மெக்சிகோவில் ஹமைக்கா. கரீபியத் தீவுகளில் கிறிஸ்துமஸ் விருந்து அது இல்லாமல் நடக்காது. அடிமைக் கப்பல்களில் ஆப்பிரிக்கர்களைக் கொண்டுசென்ற காலத்தில் அட்லாண்டிக்கைத் தாண்டிய பயிர்களில் இதுவும் ஒன்று.

மரத்தின் சாற்றை மதுவாக விடாமல் பானமாகவே நிறுத்திவைக்கும் கலையில் தமிழ்நாட்டுப் பனையேறிகளுக்கு நிகர் கிடையாது. பனையின் பாளையை நாரால் கட்டி, கடிப்பால் பதமாக நசுக்கி, நுனியைப் பாளை அரிவாளால் நாள்தோறும் மெல்லிய சீவலாகச் சீவி, அதன் கீழே கலயத்தைக் கட்டுவார்கள். சொட்டுச் சொட்டாக இறங்கும் சாற்றில் இருப்பது பெரும்பாலும் சுக்ரோஸ். காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் உடனே அதில் வேலையைத் தொடங்கிவிடும். விட்டால் சில மணி நேரத்தில் கள். அதைத் தடுப்பது கலயத்தின் உட்புறம் தடவிய சுண்ணாம்பு. சாற்றின் காரத்தன்மை ஏறியதும் ஈஸ்ட் பெருக முடியாமல் ஒடுங்குகிறது. சாறு பதநீராகவே நிற்கிறது. சுண்ணாம்பு குறைந்தால் புளித்துப்போகும், கூடினால் நாக்கு பொறுக்காது. எந்தக் கருவியும் இல்லாமல் இந்த அளவைக் கைப்பழக்கமே சொல்கிறது. காலையில் இறக்கிய பதநீரை வெயில் ஏறுமுன், பனையோலையை மடித்துக் கட்டிய பட்டையில் ஊற்றி, நுங்கைச் சீவிப் போட்டுக் குடிப்பதுதான் தென்மாவட்டத்து முறை. குமரியில் இதே பதநீர் அக்கானி. யாழ்ப்பாணத்தில் கருப்பநீர்.

இந்தச் சுண்ணாம்புக்குச் சட்ட வரலாறும் உண்டு. 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது. அதற்குப் பிறகு மதுவிலக்கு தளர்ந்தும் இறுகியும் வந்திருக்கிறது. ஒரே மரம், ஒரே பாளை, ஒரே கலயம். உள்ளே சுண்ணாம்பு இருந்தால் அனுமதி, இல்லாவிட்டால் வழக்கு என்ற நிலையில்தான் இன்று பனையேறி மரம் ஏறுகிறார். பனை தமிழ்நாட்டின் மாநில மரம். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஏறுவதற்கு ஆள்தான் குறைந்துகொண்டே வருகிறது. பகலில் பலமுறை உயரமான மரத்தில் ஏறி இறங்கும் ஒருவருக்கு, தவறி விழுந்தால் குடும்பத்தைக் காக்கும் காப்பீடும், இறக்கிய பதநீருக்குக் கட்டுப்படியாகும் விலையும் இல்லாதவரை பட்டங்களும் குறியீடுகளும் பயன்தராது.

பானங்களுக்குள் குமிழி வந்தது பீர் ஆலையின் பக்கத்து வீட்டிலிருந்து. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஒரு பீர் ஆலைக்கு அருகில் குடியிருந்த ஜோசப் பிரீஸ்ட்லி, புளிக்கும் தொட்டிகளின் மேல் மிதக்கும் வாயு தண்ணீரில் கரைவதை 1767-ல் கண்டார். அந்த வாயு கார்பன் டை ஆக்சைடு. செய்முறையை 1772-ல் வெளியிட்டார்; அதை வைத்துக் காசு பண்ணவில்லை. பண்ணியவர் ஜெனீவாவில் 1783-ல் தொழில் தொடங்கிய யோஹான் யாக்கோப் ஷ்வெப். வாயுவை நீரில் கரைப்பது எளிதாகிவிட்டது, புட்டிக்குள் அடைத்து வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. தக்கை காய்ந்து சுருங்கினால் வாயு ஓடிவிடும்.

இதற்கு விடை கண்டவர் ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர். அவர் 1872-ல் காப்புரிமை பெற்ற புட்டியைத்தான் தமிழ்நாடு கோலி சோடா என்று கொண்டாடியது. புட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து வாயுவோடு நீரை நிரப்புவார்கள். நிமிர்த்தும்போது உள்ளிருக்கும் அழுத்தமே கண்ணாடிக் கோலியைக் கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தோடு இறுக்கி மூடிவிடும். கோலியை உள்ளே அழுத்தினால் ‘விஸ்’ என்று திறக்கும். கழுத்தின் பக்கத்தில் ஒடுக்கப்பட்ட குழி, ஊற்றும்போது கோலி உருண்டு வந்து வாயை அடைத்துவிடாமல் பிடித்துக்கொள்ளும். மூடி இல்லை, வீசியெறிய எதுவும் இல்லை. புட்டி திரும்பத் திரும்பக் கழுவி நிரப்பப்பட்டது. பிறந்த நாட்டில் இந்தப் புட்டி என்றோ மறைந்துவிட்டது. இன்றும் புழங்குவது ஜப்பானின் ராமுனேயிலும் இந்தியாவின் சோடாக் கடைகளிலும்தான். எலுமிச்சையும் உப்பும் சேர்த்த சோடாவில் சர்க்கரை ஒரு துளியும் சேர்ப்பதில்லை என்பதைப் பின்னால் வரும் கணக்குக்காக நினைவில் வைக்கலாம்.

இன்று உலகை ஆளும் பல இனிப்புப் பானங்கள் மதுவிலக்கு இயக்கத்தின் பிள்ளைகள். அமெரிக்காவின் வைன்லேண்டில் தாமஸ் வெல்ச் என்ற பல் மருத்துவர், தேவாலயத்தின் திருவிருந்தில் திராட்சை மதுவுக்குப் பதிலாகக் கொடுப்பதற்காக 1869-ல் திராட்சைச் சாற்றைப் புட்டியில் அடைத்துச் சூடாக்கி, புளிக்காமல் நிறுத்தினார். பிரெஞ்சு அறிவியலாளர் லூயி பாஸ்டரின் ஆய்வை அடிப்படையாகக் கொண்ட இந்த வழியில்தான் பழச்சாற்றுத் தொழில் வளர்ந்தது. அட்லாண்டாவில் ஜான் பெம்பர்ட்டன் திராட்சை மதுவும் கோக்கா இலைச் சத்தும் கலந்த ‘டானிக்’ விற்றுவந்தார். ஊர் மதுவிலக்கின் பக்கம் சாய்ந்ததும் மதுவை நீக்கிச் சர்க்கரைப் பாகைச் சேர்த்து 1886-ல் கோகா கோலாவை உருவாக்கினார். மான்செஸ்டரில் 1908-ல் மதுவிலக்கு ஆர்வலர்களை நம்பி ஜான் நோயல் நிக்கல்ஸ் தொடங்கிய விம்டோ, இப்போது வளைகுடா நாடுகளில் ரமலான் நோன்பு திறக்கும் மேசையின் பானம். மதுவின் இடத்தில் சர்க்கரை உட்கார்ந்தது. ஒழுக்கத்தின் முத்திரை கூடவே கிடைத்ததால் அதை நெடுங்காலம் யாரும் கேள்வி கேட்கவில்லை.

தமிழ்நாட்டில் இவற்றுக்கு ‘கலர்’ என்று பெயர். விருந்தாளி வந்தால் கடைக்கு ஓடி ஒரு கலர் வாங்கிவருவது உபசாரம். ஊருக்கொரு சோடா கம்பெனி இருந்த காலம் அது. விருதுநகரில் 1916-ல் பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க், அந்தத் தலைமுறையில் இன்றும் நிலைத்திருக்கும் பெயர். அதன் பொவண்டோவுக்கு மாநிலம் முழுவதும் ரசிகர்கள் உண்டு. கோகா கோலா 1977-ல் இந்தியாவை விட்டு வெளியேறியபோது அந்த வெற்றிடத்தில் தம்ஸ் அப் பிறந்தது. 1993-ல் திரும்பி வந்த கோகா கோலா அதையும், லிம்கா, கோல்ட் ஸ்பாட் உள்ளிட்ட அதன் கூட்டாளிகளையும் விலைக்கு வாங்கிக்கொண்டது. அந்தப் போட்டியில் ஊர்ப்புறத்து சோடா கம்பெனிகள் பெரும்பாலும் மூடிப்போயின. ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு, 2017 மார்ச் 1 முதல் வெளிநாட்டுக் குளிர்பானங்களை விற்பதில்லை என்று தமிழ்நாட்டின் வணிகர் சங்கங்கள் அறிவித்தபோது, கடைகளில் பொவண்டோவையும் பன்னீர் சோடாவையும் மக்கள் கேட்டு வாங்கினார்கள். உள்ளூர்த் தொழிலுக்கு அது நல்லதுதான். ஆனால் உடலுக்குள் போன பிறகு சர்க்கரைக்குச் சொந்த ஊர் கிடையாது.

கணக்கு எளிது. 330 மில்லி கோலாவில் 35 கிராம் சர்க்கரை. நாளொன்றுக்கு உடலுக்குத் தேவையான ஆற்றலில் 10 சதவீதத்துக்கு மேல் சேர்க்கப்பட்ட சர்க்கரையிலிருந்தும் பழச்சாறு, தேன் போன்றவற்றின் சர்க்கரையிலிருந்தும் வரக் கூடாது, 5 சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வழிகாட்டியது. 2,000 கலோரி உண்பவருக்கு அது முறையே 50 கிராமும் 25 கிராமும். ஒரு டின்னிலேயே இரண்டாவது எல்லை உடைந்துவிடுகிறது. நேர்மையாகச் சொன்னால், பதநீரிலும் நூற்றுக்குப் பத்துப் பங்கை ஒட்டிச் சர்க்கரை உண்டு. பதநீரை உடல்நலத்துக்கான மருந்தாக விளம்பரம் செய்வது சரியல்ல. நீரிழிவு உள்ளவர்களுக்கு அது ஆபத்தும்கூட. அதன் பெருமை வேறு: சில மாதங்களே கிடைக்கும், அன்றைக்கன்றே குடித்தாக வேண்டும், விலை நேரே மரம் ஏறியவரின் கைக்குப் போகும். ஆண்டு முழுவதும் பள்ளிக்கூட வாசலில் குளிர்பெட்டியில் காத்திருக்கும் இயல்பு அதற்கில்லை.

சர்க்கரையைச் சரியான அளவில் பயன்படுத்தினால் அது உயிரையே காக்கும் என்பதற்கும் சான்று இந்தப் பானக் குடும்பத்திலேயே இருக்கிறது. 1971-ல் வங்கதேசப் போரின்போது எல்லையோர பன்கான் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துகொண்டிருந்தது. மருத்துவர் திலீப் மகாலனபிஸ் உப்பும் சோடா உப்பும் குளுக்கோஸும் கலந்த பொட்டலங்களைத் தண்ணீரில் கரைத்து, நோயாளிகளின் உறவினர்களே ஊட்டும்படி செய்தார். ஏறத்தாழ 30 சதவீதமாக இருந்த இறப்பு 3.6 சதவீதமாக இறங்கியது. குடலின் செல்கள் குளுக்கோஸையும் சோடியத்தையும் சேர்த்தே உள்ளிழுக்கின்றன, அவற்றோடு தண்ணீரும் உள்ளே போகிறது என்பதுதான் இதன் அறிவியல். இன்றைய உலக சுகாதார நிறுவனக் கலவையில் லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம் மட்டுமே. கோலாவில் அதைப்போல ஏறத்தாழ எட்டு மடங்கு. சர்க்கரை மிகுந்தால் குடல் தண்ணீரை உறிஞ்சுவதற்குப் பதில் வெளியே இழுக்கும், வயிற்றுப்போக்கு முற்றும். அப்படியிருந்தும், இனிப்புப் பானங்களை இந்தக் கரைசலின் பெயரான ‘ஓஆர்எஸ்’ என்பதைப் போட்டு மருந்துக் கடைகளில் பல ஆண்டுகளாக விற்றுக்கொண்டிருந்தார்கள். ஐதராபாத்தின் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் நெடுங்காலம் போராடிய பிறகே, உலக சுகாதார நிறுவனக் கலவையல்லாத எதற்கும் அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது.

பிற நாடுகள் வரியின் வழியே இதை அணுகின. மெக்சிகோ 2014 முதல் இனிப்புப் பானங்களுக்கு லிட்டருக்கு ஒரு பெசோ வரி விதித்தது. முதல் ஆண்டிலேயே விற்பனை ஏறத்தாழ 6 சதவீதம் குறைந்தது. பிரிட்டனின் வழி இன்னும் கூர்மையானது. 2018 ஏப்ரலில் அமலான அதன் வரி, 100 மில்லியில் 5 கிராமுக்குக் குறைவாகச் சர்க்கரை இருந்தால் இல்லை. தொடக்கத்தில், 5 கிராமைத் தொட்டால் லிட்டருக்கு 18 பென்ஸ், 8 கிராமைத் தொட்டால் 24 பென்ஸ் என்று இருந்தது. வரியிலிருந்து தப்பிக்க நிறுவனங்கள் செய்முறையையே மாற்றின. 2015-க்கும் 2019-க்கும் இடையில் அந்தப் பானங்களின் சராசரிச் சர்க்கரை 40 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. வரி கட்டியவர்களைவிடச் சர்க்கரையைக் குறைத்தவர்கள்தான் அரசின் நோக்கத்தை நிறைவேற்றினார்கள். இலங்கையும் 2017-ல் சர்க்கரை அளவை வைத்து வரி போடத் தொடங்கியது.

இந்தியாவில் நடப்பது நேர்மாறு. 2025 செப்டம்பர் 22 முதல் அமலான ஜிஎஸ்டி விகிதப்படி, இனிப்போ மணமோ சேர்த்து வாயு ஏற்றிய பானம் எதுவானாலும் 40 சதவீத வரி. சர்க்கரை 3 கிராமா 11 கிராமா என்ற கேள்வியே இல்லை. சர்க்கரையைக் குறைத்தாலும் சலுகை இல்லை என்பதால் குறைக்க யாருக்கும் காரணமில்லை. இதே அட்டவணையில், வாயு ஏற்றாத பழச்சாற்று பானங்களுக்கு வரி 12-லிருந்து 5 சதவீதமாக இறக்கப்பட்டிருக்கிறது. உணவுப் பாதுகாப்பு விதிகளின்படி பழச்சாறு 10 சதவீதம் இருந்தாலே அது பழ பானம். மீதி தண்ணீரும் சர்க்கரையும் மணமூட்டிகளுமாக இருக்கலாம். சந்தையிலுள்ள பல மாம்பழ பானங்களில் 100 மில்லிக்கு 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருப்பது பாக்கெட்டின் பின்புறத்திலேயே அச்சிடப்பட்டிருக்கிறது. ஆக, சிறு தொழிற்கூடத்தில் தயாராகும் பன்னீர் சோடா 40 சதவீதம் கட்டுகிறது. அதைவிடக் குறையாத சர்க்கரையோடு, மாம்பழப் படம் போட்டு, குழந்தைகளைக் குறிவைத்து விற்கப்படும் பாக்கெட் 5 சதவீதத்தோடு தப்பிக்கிறது.

குமிழி உடலுக்குக் கெடுதல் செய்வதில்லை, கெடுதல் செய்வது சர்க்கரை. வரி, பானத்தில் வாயு இருக்கிறதா என்று பார்க்காமல், 100 மில்லிக்கு எத்தனை கிராம் சர்க்கரை என்று பார்த்துப் படிப்படியாக ஏற வேண்டும். அதில் பழ பானங்களுக்கும் பன்னாட்டுக் கோலாக்களுக்கும் உள்ளூர்க் கலர்களுக்கும் ஒரே அளவுகோல் இருக்க வேண்டும். சர்க்கரையைக் குறைக்கும் தயாரிப்பாளர், பெரியவரானாலும் சிறியவரானாலும், அதற்கான பலனை வரியில் காண வேண்டும். திரட்டும் தொகையில் ஒரு பங்கு பள்ளிகளில் நல்ல குடிநீருக்குப் போகலாம். இதற்கு ஜிஎஸ்டி மன்றத்தில் மாநிலங்கள்தான் குரல் எழுப்ப வேண்டும். பனையேறியின் காப்பீடு போன்றவை மாநில அரசின் கையிலேயே இருக்கின்றன. பானங்களுக்கான வரி விகிதங்களை மாற்றும் கோரிக்கையை அடுத்த ஜிஎஸ்டி மன்றக் கூட்டத்திலேயே தமிழ்நாடு முன்வைக்க வேண்டும்.